லுபான்ஸ்கி: 1974 உலகக் கோப்பையைத் தவறவிட்ட போலந்து வீரர்

போலந்துக் கால்பந்தின் பொற்காலம் என்றதும் 1974-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அர்ஜென்டினாவையும் இத்தாலியையும் வீழ்த்தி, கடைசி ஆட்டத்தில் பிரேசிலையும் வென்று அந்த அணி மூன்றாம் இடம் பிடித்தது. அதன் வலதுபுற வீரர் லாட்டோ ஏழு கோல்கள் அடித்து, தொடரின் முதன்மைக் கோல் வீரரானார். ஆனால் ஓராண்டுக்கு முன்புவரை அதே அணிக்குத் தலைவராக இருந்தவர், அதுவரை போலந்துக்காக வேறு எவரையும்விட அதிகக் கோல்கள் அடித்திருந்தவர், அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. வொஜிமியெஷ் லுபான்ஸ்கி என்ற அந்த வீரருக்கு அப்போது வயது 27. ஒரு முன்கள வீரரின் உடலும் அனுபவமும் ஒருசேர உச்சத்தில் இருக்கும் வயது அது.

இதனால் லுபான்ஸ்கியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரை வாய்ப்பை இழந்தவராக மட்டுமே காட்டுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். 1974-இல் உலகம் வியந்த அந்த அணி திடீரென முளைத்ததன்று. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில், போலந்து அணிகளாலும் ஐரோப்பாவின் பெரிய அணிகளை வெல்ல முடியும் என்ற நம்பிக்கையைக் கட்டியெழுப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். அந்தப் பத்தாண்டுகளையும் காயத்துக்குப் பிந்தைய ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் முழு அளவு புலப்படும்.

அவர் 1947 பிப்ரவரி 28 அன்று, மேல் சிலேசியாவில் கிளிவிட்சே நகரின் சுரங்கத் தொழிலாளர் பகுதியான சோஷ்னிட்சாவில் பிறந்தார். நிலக்கரியும் எஃகும் வாழ்வாதாரமாக இருந்த அந்த வட்டாரத்தில் கால்பந்துக் கழகங்களைத் தாங்கி நின்றவை சுரங்கங்களும் ஆலைகளுமே. கம்யூனிச ஆட்சியில் விளையாட்டு வீரர் என்ற தொழில் சட்டப்படி கிடையாது. ஆகவே ஒவ்வொரு கழகமும் ஏதேனும் அரசுத் துறையின் நிழலில் இயங்கியது. தலைநகரின் லெகியா வார்சாவா இராணுவத்துக்குரியது. கட்டாய இராணுவச் சேவையைக் காட்டி நாட்டின் இளம் திறமைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள அதனால் முடிந்தது. 1974 அணியின் நடுக்கள வீரரான கஷிமியெஷ் டெய்னா அங்கே போய்ச் சேர்ந்ததும் அவ்வாறே. 1948-இல் தொடங்கப்பட்ட குர்னிக் ஜாப்ஷே சுரங்கத் துறையின் கழகம். அதன் வீரர்கள் ஏட்டளவில் சுரங்கத் தொழிலாளர்கள். நடைமுறையில் முழுநேரமும் பந்தாடியவர்கள்.

பதினாறு வயது நிரம்பிய 1963-ஆம் ஆண்டிலேயே லுபான்ஸ்கி குர்னிக்கின் முதல் அணியில் இடம் பிடித்துவிட்டார். அங்கே அவருக்கு முன்மாதிரியாக இருந்தவர் எர்னெஸ்ட் போல். போலந்து லீகில் 186 கோல்கள் அடித்த, அந்த நாட்டின் பழைய தலைமுறை முன்கள வீரர்களில் மிகப் பெரியவர். அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று ஷ்செட்சின் நகரில் நார்வேக்கு எதிராக லுபான்ஸ்கி தேசிய அணிக்காக முதன்முறை களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது 16 ஆண்டுகளும் 188 நாட்களும். போலந்து 9-0 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் அடித்தார். போலந்து அணிக்காக அத்தனை இளம் வயதில் ஆடியவரோ கோல் அடித்தவரோ அதன் பின் எவரும் இல்லை.

இளம் வயதில் பெயர் வாங்கி விரைவில் மறைந்துபோன வீரர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. லுபான்ஸ்கி அந்த வரிசையில் சேரவில்லை. குர்னிக் 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக் பட்டம் வென்றது. 1971-லும் 1972-லும் மீண்டும் வென்றது. இந்த ஏழு பட்டங்களிலும் அவருக்குப் பங்கு உண்டு. போலந்துக் கோப்பையையும் அவர் ஆறு முறை வென்றார். அவற்றில் ஐந்து, 1968 முதல் 1972 வரை இடைவெளியின்றித் தொடர்ந்தவை. 1966-இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்து லீகில் அதிகக் கோல்கள் அடித்தவர் அவர்தான்: முறையே 23, 18, 24, 22. குர்னிக்குக்காக 234 லீக் ஆட்டங்களில் 155 கோல்கள். தற்காப்பே மேலோங்கியிருந்த காலத்தில், குளிர்கால உறைபனியும் இளவேனில் சேறும் கலந்த ஆடுகளங்களில் வந்த கோல்கள் இவை.

எனினும் உள்நாட்டு எண்ணிக்கைகளை மட்டும் வைத்து அவரை ஐரோப்பிய வரிசையில் நிறுத்த இயலாது. அதற்கு ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். 1967-68 பருவத்தில் குர்னிக் இரண்டாம் சுற்றில் டைனமோ கீவைச் சந்தித்தது. அந்தச் சோவியத் அணி, நடப்பு ஐரோப்பியச் சாம்பியனான செல்டிக்கை அப்போதுதான் வெளியேற்றியிருந்தது. கீவில் 2-1 என்று வென்று குர்னிக் அடுத்த சுற்றுக்குச் சென்றது. காலிறுதியில் எதிரே நின்றது மான்செஸ்டர் யுனைடெட். லுபான்ஸ்கியின் இருபத்தொன்றாம் பிறந்தநாள் அன்று ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த முதல் ஆட்டத்தில் குர்னிக் 2-0 என்று தோற்றது. இரண்டாம் ஆட்டம் மார்ச் 13 அன்று ஹோஜூவ் நகரின் சிலேசிய அரங்கில் நடந்தது. பனி மூடிய தரை, அரங்கில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். யுனைடெட் முன்னிலையைக் காக்கப் பின்வாங்கி நின்று ஆடியது. இரண்டாம் பாதியில் லுபான்ஸ்கி ஒரு கோல் அடித்தார். இன்னொன்று வரவில்லை, இரு ஆட்டங்களின் கணக்கில் யுனைடெட் தப்பியது. அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை வென்றதும் யுனைடெட்தான். அந்தப் பயணம் முழுவதிலும் அது தோற்ற ஒரே ஆட்டம் ஹோஜூவில் ஆடியதுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து குர்னிக் இன்னும் ஒரு படி மேலே சென்றது. உள்நாட்டுக் கோப்பையை வென்ற கழகங்கள் மோதும் 1969-70 கோப்பை வென்றோர் கோப்பையில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸை இரு ஆட்டங்களிலும் 3-1 என்று வீழ்த்தி, அரையிறுதியில் ரோமாவை எதிர்கொண்டது. முதல் ஆட்டம் 1-1. கூடுதல் நேரம்வரை நீண்ட இரண்டாவது ஆட்டம் 2-2. பெனால்டி அடித்து முடிவு காணும் முறை அப்போது இந்தத் தொடரில் வந்திருக்கவில்லை. ஆகவே பொது நகரான ஸ்ட்ராஸ்பூரில் மூன்றாவது ஆட்டம் ஆடப்பட்டது. லுபான்ஸ்கி குர்னிக்குக்காகக் கோல் அடித்தார். ரோமாவுக்காகப் பெனால்டியில் சமன் செய்தவர் பின்னாளில் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற ஃபாபியோ கபெல்லோ. அதுவும் 1-1. கடைசியில் நடுவர் போட்ட டாஸில் குர்னிக் இறுதி ஆட்டத்துக்குப் போனது. வியன்னாவில் கொட்டும் மழையில், எண்ணாயிரம் பேர்கூட இல்லாத அரங்கில் மான்செஸ்டர் சிட்டியிடம் 2-1 என்று தோற்றது. ஐரோப்பியக் கோப்பைத் தொடர் ஒன்றின் இறுதி ஆட்டத்தை எட்டிய போலந்துக் கழகம் இன்றுவரை குர்னிக் ஒன்றே. அந்தப் பருவத்தில் அத்தொடரில் அதிகக் கோல்கள் அடித்தவர் லுபான்ஸ்கி.

இப்படிப்பட்ட ஒருவரை மேற்கு ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் ஏன் அழைத்துப் போகவில்லை என்ற கேள்வி இயல்பாகவே எழும். ரியல் மாட்ரிட் தன்னை விரும்பியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஆனால் விருப்பம் இருந்தும் பயனில்லை. வெளியே அனுப்பும் அதிகாரம் அரசின் கையில் இருந்தது. 1974 அணியினர் நாட்டைவிட்டு வெளியேறிய ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விதி தெளிவாகத் தெரிகிறது. கடோஹா 1975-இல் பிரான்சின் நாந்த் கழகத்துக்குப் போனபோது முப்பதை நெருங்கியிருந்தார். டெய்னா 1978-இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனபோது முப்பதைத் தாண்டியிருந்தார். லாட்டோவுக்கும் ஷார்மாஹுக்கும் 1980-இல், முப்பது வயதையொட்டித்தான் அனுமதி கிடைத்தது. ஒரு வீரரின் சிறந்த ஆண்டுகள் நாட்டுக்கு, எஞ்சியவை அவருக்கு என்பதே எழுதப்படாத கணக்கு. அடுத்த தலைமுறை வீரரான போனியெக் 26 வயதில் இத்தாலியின் யுவென்டஸுக்குப் போவதற்கு 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஏற்பாடு ஒலிம்பிக்கில் போலந்துக்குச் சாதகமாக அமைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொழில்முறை வீரர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை. மேற்கு நாடுகள் தங்கள் சிறந்த வீரர்கள் இல்லாமல் வந்தன. கிழக்கு நாடுகளோ ஏட்டளவில் சுரங்கத் தொழிலாளிகளும் இராணுவத்தினருமான முழு தேசிய அணியையே இறக்கின. 1952 முதல் 1980 வரை எல்லா ஒலிம்பிக் கால்பந்துத் தங்கங்களும் அந்த நாடுகளுக்கே போனதன் காரணம் இதுதான். 1972-இல் மியூனிக்கில் போலந்து, சோவியத் ஒன்றியத்தை 2-1 என்று வென்று, இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியையும் 2-1 என்று வென்றது. இறுதியில் இரு கோல்களையும் அடித்தவர் டெய்னா. அணிக்குத் தலைமை தாங்கியவர் லுபான்ஸ்கி. போட்டியின் தன்மை சமனற்றதாக இருந்தாலும், அந்த இரண்டு வாரங்களுக்குள் பயிற்சியாளர் கஷிமியெஷ் குர்ஸ்கி 1974-க்கான அணியின் முதுகெலும்பை அமைத்துவிட்டார் என்பதே அத்தங்கத்தின் உண்மையான மதிப்பு.

அடுத்து வந்தது உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. 1966-க்கும் 1970-க்கும் போலந்து தகுதி பெறவில்லை. லுபான்ஸ்கி அத்தகுதிச்சுற்றுகளில் ஃபின்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கும், லக்சம்பர்க்குக்கு எதிராக ஐந்தும் என்று கோல்களைக் குவித்திருந்தும் பலனில்லாமல் போயிற்று. 1974-க்கான பிரிவில் இங்கிலாந்தும் வேல்ஸும் இருந்தன. ஒரே ஒரு அணிதான் முன்னேற முடியும். போலந்து முதல் ஆட்டத்திலேயே கார்டிஃபில் வேல்ஸிடம் 2-0 என்று தோற்றிருந்தது. 1973 ஜூன் 6 அன்று ஹோஜூவில் இங்கிலாந்தை வெல்லாவிட்டால் கதை முடிந்தது என்ற நிலை.

அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதித் தொடக்கத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். போலந்து 1-0 என்று முன்னிலையில் இருந்தது. இங்கிலாந்தின் தலைவர் பாபி மூர், 1966-இல் உலகக் கோப்பையை ஏந்தியவர், தன் பாதியில் பந்தைப் பெற்றார். அதை வெளியே அடிப்பதற்கோ சக வீரருக்கு அனுப்புவதற்கோ நேரம் இருந்தது. எதிரே வந்த லுபான்ஸ்கியை ஒரு திருப்பத்தில் ஏமாற்றிக் கடந்துவிடலாம் என்று அவர் எண்ணினார். லுபான்ஸ்கி ஏமாறவில்லை. எதிராளியின் உடலசைவைப் பார்க்காமல் பந்தையே பார்த்துக்கொண்டு வந்தவர், மூரின் காலிலிருந்து அதைத் தட்டிப் பறித்துத் தனியே ஓடினார். கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனைத் தாண்டித் தாழ்வாக உள்ளே அடித்தார். 2-0. உலகின் மிகச் சிறந்த தற்காப்பாளர் என்று பலர் கருதிய ஒருவரிடமிருந்து பந்தைப் பறிப்பதற்குக் கால்வேகம் மட்டும் போதாது. மூர் எந்தக் கணத்தில் திரும்புவார் என்பதைக் கணிக்கும் கண்ணும் வேண்டும். அவருடைய கோல்களில் மிகவும் அறியப்பட்டது இதுதான். அவருடைய திறமையை முழுமையாகக் காட்டுவதும் இதுதான் என்பது என் எண்ணம்.

சில நிமிடங்களில் எல்லாம் மாறியது. தற்காப்பாளர் ராய் மெக்ஃபார்லண்டுடன் பந்துக்காகப் போராடியபோது லுபான்ஸ்கியின் முழங்கால் முறுகித் தசைநார் அறுந்தது. அவரைத் தூக்கிச் சென்றார்கள். ஜான் டொமார்ஸ்கி மாற்று வீரராக உள்ளே வந்தார். இன்று இத்தகைய காயம் நேர்ந்தால் ஸ்கேன் எடுத்து, சிறு துளைகள் வழியாக அறுவை செய்து, ஓராண்டுக்குள் வீரரைக் களத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். 1973-இல் ஸ்கேன் கிடையாது. முழங்காலைத் தொட்டும் அசைத்தும் பார்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். அறுவை என்றால் மூட்டைத் திறந்தாக வேண்டும். பின்னர் நீண்ட காலம் மாவுக்கட்டு. கட்டைப் பிரிக்கும்போது தொடைத் தசை பாதியாக மெலிந்திருக்கும். அக்காலத்தில் பலருக்கு இதுவே ஆட்ட வாழ்க்கையின் முடிவாக இருந்தது. லுபான்ஸ்கிக்குப் போன காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

அந்த ஒரு மாலையின் விளைவுகள் அதோடு நிற்கவில்லை. ஹோஜூவில் செய்த பிழைக்குப் பின், 1973 அக்டோபர் 17 அன்று வெம்பிளியில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் மூருக்கு இடம் கிடைக்கவில்லை. அவருக்குப் பதில் நார்மன் ஹன்டர் ஆடினார். ஓரக்கோட்டருகே ஹன்டர் பந்தைத் தவறவிட, லாட்டோ அதை எடுத்துக்கொண்டு முன்னேறித் தள்ளிவிட, கோலாக்கியவர் டொமார்ஸ்கி. ஹோஜூவில் லுபான்ஸ்கிக்கு மாற்றாக வந்த அதே டொமார்ஸ்கி. மறுமுனையில் போலந்தின் கோல்கீப்பர் டோமஷெவ்ஸ்கி இங்கிலாந்தின் தாக்குதல்களைத் தடுத்து நிற்க, ஆட்டம் 1-1 என்று முடிந்து போலந்து உலகக் கோப்பைக்குப் போனது. வெம்பிளியைக் கொண்டாடும்போது ஹோஜூவின் 2-0 பின்னுக்குப் போய்விடுகிறது. அந்த வெற்றி இல்லாமல் வெம்பிளியில் கிடைத்த ஒரு புள்ளிக்கு மதிப்பே இருந்திருக்காது.

லுபான்ஸ்கி ஆடியிருந்தால் 1974 கோப்பையைப் போலந்து வென்றிருக்குமா என்று அந்நாட்டில் இன்றும் விவாதிக்கிறார்கள். இதில் இரு பக்கமும் பார்க்க வேண்டும். அவர் இல்லாததால்தான் குர்ஸ்கி தாக்குதலை வேறு விதமாக அமைத்தார். நடுவே, குர்னிக்கில் லுபான்ஸ்கியின் சக வீரரான ஷார்மாஹ்; இருபுறமும் வேகமே வடிவான லாட்டோவும் கடோஹாவும்; பின்னால் பந்தை விநியோகிக்க டெய்னா. ஷார்மாஹ் ஐந்து கோல்களும் லாட்டோ ஏழு கோல்களும் அடித்தனர். லுபான்ஸ்கி இருந்திருந்தால் பந்து அவரைத் தேடியே போயிருக்கும். இவ்விருவரும் இத்தனை மலர்ந்திருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் மேற்கு ஜெர்மனிக்கு எதிரான ஆட்டம் வேறு கதை. மழையில் தேங்கிய நீரில் பந்து உருளவே மறுத்தது. ஓரங்களில் வேகமாக ஓடும் போலந்தின் பாணி அங்கே எடுபடவில்லை. ஜெர்மனிக்கு டிரா போதும். போலந்துக்கு வெற்றி தேவை. ஷார்மாஹ் காயத்தால் ஆட முடியாததால் நடுவே இறங்கியவர் மறுபடியும் டொமார்ஸ்கி. கெர்ட் முல்லரின் ஒரு கோலில் போலந்து தோற்றது. கடினமான தரையில் தனியாளாகப் பந்தைக் காத்துக் கோலுக்கு வழி காணும் ஒருவர் தேவைப்பட்ட ஆட்டம் அது. தொடர் முழுவதிலும் லுபான்ஸ்கி இல்லாத குறை உண்மையாகவே தெரிந்தது அந்த ஒரு மாலையில்தான் என்பது என் முடிவு.

1975-இல், 28 வயதில், வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே வெளியேற அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் மாட்ரிடுக்கோ மிலானுக்கோ அல்ல. முழங்காலில் காயம் பட்ட முன்கள வீரருக்கு அந்தக் கதவுகள் மூடியிருந்தன. ஓராண்டுக்கு முன்புதான் பெல்ஜியத்தின் முதல் பிரிவுக்கு உயர்ந்திருந்த லோகரன் என்ற சிறு நகரக் கழகத்தில் சேர்ந்தார். இதை வீழ்ச்சி என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய வேகம் குறைந்திருந்த அவர், ஆட்டத்தைச் சற்றுப் பின்னிருந்து நடத்தவும், எதிராளி நெருங்கும் முன்பே பந்தை விடுவிக்கவும் கற்றுக்கொண்டார். ஏழு பருவங்கள் அங்கே ஆடினார். பின்னாளில் இத்தாலியின் வெரோனாவுடன் பட்டம் வென்ற டென்மார்க்கின் பிரெபன் எல்க்யார் அங்கே அவருடன் இளைஞராக ஆடினார். 1980-இல் லாட்டோவும் வந்து சேர்ந்தார். 1980-81-இல் லோகரன் லீகில் ஆண்டர்லெக்டுக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பிடித்து, யுயெஃபா கோப்பையின் காலிறுதிவரை சென்றது. அக்கழகத்தின் வரலாற்றில் அதைவிடச் சிறந்த பருவம் இல்லை.

இதற்கிடையே ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின், 1977-இல் புதிய பயிற்சியாளர் யாட்செக் க்மோஹ் அவரைத் தேசிய அணிக்கு மீண்டும் அழைத்தார். மே 1 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்குக்கு எதிரான தகுதிச்சுற்று ஆட்டத்தில் போலந்து 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் அவரே. அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவில், 31 வயதில், முதலும் கடைசியுமாக உலகக் கோப்பையில் ஆடினார். கோல் எதுவும் வரவில்லை. இளைஞரான போனியெக் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவருடைய இடத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கிய தொடர் அது. போலந்து இரண்டாம் சுற்றோடு திரும்பியது. 1980 செப்டம்பர் 24 அன்று செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக அவருக்கு விடைகொடுக்கும் ஆட்டம் ஹோஜூவில் நடந்தது. 1-1 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் போலந்தின் கோல் அவருடையது.

75 ஆட்டங்களில் 48 கோல்கள் என்ற கணக்குடன் அவர் விலகினார். ஃபின்லாந்து, லக்சம்பர்க் போன்ற எளிய அணிகளுக்கு எதிரானவை அதில் கணிசம் என்று குறை சொல்வோர் உண்டு, அது உண்மைதான். ஆனால் 26 முதல் 30 வயதுவரையிலான ஆண்டுகள் அந்தக் கணக்கில் ஏறத்தாழ வெறுமையாக இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லாட்டோ 100 ஆட்டங்களில் 45 கோல்களோடு நின்றார். போனியெக் அந்த அளவை நெருங்கவில்லை. 2017 அக்டோபர் 5 அன்று யெரெவானில் அர்மேனியாவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து, ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி 50-ஐ எட்டியபோதுதான் அந்தச் சாதனை கைமாறியது. அப்போது லெவன்டோவ்ஸ்கி லுபான்ஸ்கியைவிட ஏறத்தாழப் பதினைந்து ஆட்டங்கள் அதிகமாக ஆடியிருந்தார்.

லோகரனிலிருந்து 1982-இல் பிரான்சுக்குப் போன லுபான்ஸ்கி, வலன்சியென் கழகத்திலும் பின்னர் பிரித்தானி வட்டாரத்துக் கெம்பேர் கழகத்திலுமாக நாற்பதை நெருங்கும்வரை ஆடினார். மருத்துவர்கள் கைவிட்டிருக்கக்கூடிய முழங்காலோடு, காயத்துக்குப் பிறகு அவர் தொழில்முறையாக ஆடிய காலம் ஏறத்தாழப் பத்தாண்டுகள். குர்னிக்கின் முதல் அணியில் நுழைந்ததிலிருந்து ஹோஜூவில் காயமடைந்தது வரையிலான காலமும் ஏறத்தாழ அவ்வளவே.